ஆப்பிரிக்கா எதற்கு? தூசூர் ஏரி இருக்கிறதே!

நாமக்கல்லில் போய் "பறவை" என்று சொல்லிப் பாருங்கள். எல்லோருக்கும் கோழிதான் ஞாபகம் வரும்.

அதில் தப்பு இல்லை. கோழியும் முட்டையும் லாரியும்தான் அந்த ஊருக்குச் சோறு போடுகின்றன. நானும் அந்த ஊர்க்காரன்தான். ஐம்பது வயது வரை எனக்கும் கோழியையும் காக்கையையும் தவிர வேறு பறவை தெரியாது.

என் கண்ணைத் திறந்து வைத்தவன் என் தங்கை மகன். அதுவும் எப்படி? ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்து!

அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். மனைவியையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு தென் ஆப்பிரிக்காவுக்கு உல்லாசப் பயணம் போனான். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பார்த்தான். லட்சக்கணக்கில் செலவு. திரும்பி வந்ததும் போட்டோக்களைக் காட்ட என் வீட்டுக்கு வந்தான்.

தானே கார் ஓட்டினான்

"மாமா, அங்கே காட்டுக்குள் நானே கார் ஓட்டினேன்" என்றான்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "சிங்கம் இருக்கும் காட்டிலா?" என்று கேட்டேன்.

"ஆமாம் மாமா. வாடகைக்குக் கார் எடுத்தேன். வாசலில் சீட்டு வாங்கினேன். உள்ளே போனேன். டிரைவர் இல்லை. வழிகாட்டி இல்லை. நாங்கள் மூன்று பேர்தான்."

அவன் போன இடத்தின் பெயர் குரூகர் தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் பெஞ்சும் இருக்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அது பெரிய காடு. பரப்பு ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர். சேலம் மாவட்டத்தையும் நாமக்கல் மாவட்டத்தையும் சேர்த்து, அதைப் போல் இரண்டு மடங்கு வைத்தாலும் அந்தக் காட்டுக்குள் அடங்கிவிடும்!

1926ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்கா ஆயிற்று. மறு ஆண்டு மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் உள்ளே போன கார்கள் எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று! இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பேர் போகிறார்கள்.

இத்தனை பேர் போயும் காடு கெடவில்லை. ஏன்?

சட்டம் கடுமை. தார் ரோட்டில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மண் ரோட்டில் 40. குறிப்பிட்ட சில இடங்களைத் தவிர வேறு எங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. ஜன்னல் வழியே தலையை நீட்டக் கூடாது. எந்த மிருகத்துக்கும் தீனி போடக் கூடாது. பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும், அல்லது உள்ளே இருக்கும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தப்பினால் அபராதம்.

"ஒரு வாரம் ஹார்ன் அடிக்காமல் கார் ஓட்டினேன் மாமா" என்றான்.

நம் ஊர்ப் பையன் ஹார்ன் அடிக்காமல் கார் ஓட்டினான்! எனக்குச் சிங்கத்தைவிட அதுதான் அதிசயமாக இருந்தது.

இது நம் ஊர்ப் பறவை ஆயிற்றே!

போட்டோக்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சிங்கம் வந்தது. வரிக்குதிரை வந்தது. பிறகு ஒரு குட்டை. குட்டைக்கு மேலே, காய்ந்த கிளையில் ஒரு பறவை. உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையும். நீண்ட அலகு.

"இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே!" என்றேன்.

"மீன்கொத்தி மாமா. அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். பிறகு தண்ணீரில் கல்லைப் போல விழும். இதைப் படம் பிடிக்க முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. நம் காவிரிக் கரையிலும் இருக்கிறது. ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குக் குளிக்கப் போகும்போதெல்லாம் நான் பார்த்த பறவை அது. பெயர்தான் தெரியாமல் இருந்தேன்.

அடுத்த போட்டோவில் சிவப்புக் கால் பறவை ஒன்று. ஈர்க்குச்சி போல நீண்ட கால்கள். பவளக்கால் உள்ளான். அதுவும் இரண்டு கண்டங்களிலும் உண்டு. சின்னக் கொக்கும் அப்படியே.

"தம்பி, நம் தூசூர் ஏரியைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன்.

அவன் விழித்தான். நாமக்கல்லில் பிறந்தவன். பக்கத்தில் இருக்கும் ஏரியைப் பார்த்ததில்லை. ஆப்பிரிக்காவில் இருக்கும் குட்டையைப் பார்த்திருக்கிறான்!

அவனைச் சொல்லிக் குற்றம் இல்லை. காட்டியிருக்க வேண்டிய மாமன் நானே பார்த்ததில்லையே!

நாமக்கல்லில் நாமக்கோழி

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தை மாதப் பனி. விடியும் முன்பே புறப்பட்டோம். ஏரிக்கரையில் காரை நிறுத்தினான். இறங்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தான்.

"இறங்காதீர்கள் மாமா. பறவைகள் காரைக் கண்டு அவ்வளவாகப் பயப்படாது. மனிதனைக் கண்டால்தான் பறக்கும். கார் நமக்கு ஒரு மறைவிடம்."

அவன் சொன்னது சரி. கண்ணாடியை மெதுவாக இறக்கிவிட்டு, பேசாமல் உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் ஏரி எங்களை மறந்துவிட்டது.

முதலில் கண்ணில் பட்டது ஒரு கரிய பறவைக் கூட்டம். தண்ணீரில் வாத்துப் போல மிதந்தது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளையாக ஒரு பட்டை. நாமம் போட்டது போல!

அதன் பெயரே நாமக்கோழி. நாமக்கல்லுக்கு ஏற்ற கோழி! குழந்தை கைகொட்டப் போனாள். அப்பா கண்ணைக் காட்டினான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கரை ஓரத்துச் சேற்றில் நத்தைகுத்தி நாரைகள் நின்றன. இதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். நத்தையைப் பிடிப்பதற்கு ஏற்ற அலகு அது. கொஞ்சம் தள்ளி, அரிவாள் போல வளைந்த அலகோடு அரிவாள் மூக்கன்கள். ஒரு கட்டையின் மேல் இறக்கையை விரித்துக் காயப் போட்டுக்கொண்டு நீர்க்காகம். முக்குளிப்பான் ஒன்று முழுகி எங்கேயோ எழுந்தது. அது எங்கே எழும் என்று குழந்தை பந்தயம் கட்டினாள். ஒவ்வொரு தடவையும் தோற்றாள்.

நடு ஏரியில் வாத்துக் கூட்டம். அவற்றில் நீலச்சிறகியும் உண்டு என்று தங்கை மகன் சொன்னான். வடக்கே ரஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் குளிர் தாங்காமல், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் ஏரிக்கு வருகிற வாத்து அது. பங்குனி, சித்திரை வாக்கில் திரும்பிப் போய்விடும்.

பாஸ்போர்ட்டு இல்லை. விசா இல்லை. விமான டிக்கெட்டு இல்லை. அந்த விருந்தாளிகள் நம் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். நாம் விமானம் ஏறி வேறு எங்கேயோ போகிறோம்!

மேட்டு நிலத்துச் சோளக்காட்டிலும் இப்படி ஒரு விருந்தாளி உண்டு. சோளப்பட்சி என்பார்கள். உடல் இளஞ்சிவப்பு, தலையும் சிறகும் கறுப்பு. தானியத்தைத் தின்கிறது என்று கவண் கல்லால் அடித்து விரட்டுவோம். அதே பறவை தன் சொந்த நாட்டில் வெட்டுக்கிளிகளைக் கூட்டம் கூட்டமாகத் தின்று பயிரைக் காப்பாற்றுகிறது.

ஒரு சாக்கு மூட்டை

வெயில் ஏறியதும் இறங்கிக் கரையில் நடந்தோம். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

கரைச் சரிவில் சாக்கு மூட்டை ஒன்று கிடந்தது. கோழிக் கழிவு. இறகும் குடலும் வெளியே வழிந்தன. நாலைந்து நாய்கள் இழுத்துக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே உடைந்த பாட்டில்கள், பிளாஸ்டிக் தட்டுகள்.

குழந்தை கேட்டாள்: "தாத்தா, அங்கே பிஸ்கட் காகிதத்தைக் கீழே போட்டதற்கே அப்பா என்னைத் திட்டினார். இங்கே இதைப் போட்டது யார்? அவரை யாரும் திட்ட மாட்டார்களா?"

நான் என்ன பதில் சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

மூட்டை மக்கிப் போகும் என்று போட்டவர் நினைத்திருக்கலாம். ஆனால் மூட்டைக்கு நாய் வரும். நாய் வந்த கரையில் தரையில் கூடு கட்டும் பறவை தங்காது. ஆள்காட்டி வெறும் தரையில்தான் முட்டை இடுகிறது. கழிவு தண்ணீரில் கலந்தால் மீன் சாகும். மீன் செத்தால் கொக்கும் போகும், மீன் பிடிப்பவர் பிழைப்பும் போகும்.

நம்மிடம் பறவை இல்லாமல் இல்லை. பறவையிடம் நடந்துகொள்ளும் முறைதான் இல்லை. அயல்நாட்டில் அபராதத்துக்குப் பயந்து ஒழுங்காக இருக்கிறோம். சொந்த ஊரில் கேட்பார் இல்லை என்றதும் கையை வீசுகிறோம். இது எந்த ஊர் நியாயம்?

திம்பம் சொல்லும் பாடம்

பெரிய மிருகங்களைப் பார்க்க வேண்டும் என்றாலும் ஆப்பிரிக்கா போக வேண்டியது இல்லை. சேலத்தில் இருந்து பவானி, சத்தியமங்கலம் வழியாகப் பண்ணாரிக்குப் போங்கள். அங்கிருந்து திம்பம் மலைப் பாதை. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். 2013ஆம் ஆண்டில் இந்தக் காட்டைப் புலிகள் காப்பகமாகச் சர்க்கார் அறிவித்தது. பரப்பு 1,400 சதுர கிலோமீட்டருக்கும் மேல். யானை, சிறுத்தை, புலி, மான் எல்லாம் உண்டு.

இந்தியாவில் புலிக் காட்டின் உட்பாதைகளில் நம் காரை விடமாட்டார்கள். வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில்தான் போக வேண்டும். ஆனால் திம்பம் ரோடு பொது ரோடு. யாரும் போகலாம். அதனால்தான் அங்கே நம் யோக்கியதை தெரிந்துவிடுகிறது!

அந்த வழியே கரும்பு லாரிகள் வரும். காரப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம் யானைகள் லாரிக்காகக் காத்து நிற்கும். துதிக்கையை நீட்டிக் கரும்பை உருவும். சிலர் தாங்களே கரும்பை எடுத்துப் போடுவார்கள். அதைச் செல்போனில் படம் எடுக்கப் பலர் இறங்கி ஓடுவார்கள்.

இது தர்மம் இல்லை. யானையைப் பிச்சைக்காரன் ஆக்குகிற வேலை. காட்டில் மேய வேண்டிய யானை ரோட்டுக்கு வரும். குட்டியும் கற்றுக்கொள்ளும். ஒரு நாள் லாரியில் அடிபடும். அல்லது ஒரு மனிதனை மிதிக்கும். பிறகு "யானை அட்டகாசம்" என்று நாமே சொல்லுவோம்.

இரவில் வண்டிகள் மோதிக் காட்டு மிருகங்கள் செத்துக்கொண்டே இருந்தன. 2022 பிப்ரவரியில் ஐகோர்ட்டு தலையிட்டது. அந்த ரோட்டில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. பக்கத்தில் பந்திப்பூர்க் காட்டு ரோட்டில் 2009ஆம் ஆண்டிலேயே இரவுத் தடை வந்துவிட்டது.

லாரித் தொழிலால் வாழும் ஊரில் பிறந்தவன் நான். தடையால் டிரைவருக்கு உண்டான சிரமம் எனக்குத் தெரியும். ஒரு இரவு நின்றால் ஒரு நாள் கூலி போகிறது. காய்கறி வாடுகிறது. தாளவாடி மலை விவசாயிகளும் அதற்காகப் போராடினார்கள். அவர்கள் கவலையைத் தள்ளிவிடக் கூடாது.

ஆனாலும் தடை நியாயம் என்றே நான் சொல்லுவேன். நமக்குப் பகல் உண்டு, வேறு ரோடும் உண்டு. யானைக்கு வேறு காடு இல்லை. குரூகரில் பொழுது சாய்ந்ததும் கதவை மூடினால் "ஆகா, என்ன ஒழுங்கு!" என்று புகழ்கிறோம். திம்பத்தில் மூடினால் மட்டும் கோபப்படலாமா?

ஏரியை அழகுபடுத்தலாமா?

இன்னொரு விஷயம். ஏரியைத் தூர் வாருகிறோம் என்கிறார்கள். நல்ல காரியம். விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும், வண்டல் வேண்டும். கிணறு ஊற வேண்டும்.

ஆனால் சில இடங்களில் நடப்பது வேறு. ஏரி முழுவதையும் கிண்ணம் போலக் குடைந்து, சுற்றிலும் சிமெண்டுக் கரை கட்டி, விளக்குப் போட்டு, படகு விட்டால் அழகு என்று நினைக்கிறார்கள்.

பறவையின் காலைப் பாருங்கள். உள்ளானுக்குச் சாண் ஆழத் தண்ணீர் வேண்டும். நாரைக்கு முழ ஆழம் போதும். நீலச்சிறகி போன்ற வாத்துகள் ஆழத்தில் முழுகி இரை தேடுவது இல்லை. தலையைக் கவிழ்த்து, அலகு எட்டும் ஆழத்தில்தான் மேயும். ஏரி முழுவதும் இரண்டு ஆள் ஆழம் ஆகிவிட்டால் இவை எங்கே நிற்கும்? எதைத் தின்னும்?

ஆகவே ஏரியை ஆழப்படுத்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் சரிவாக, சேறாக, கோரையோடு விட்டு வையுங்கள். விவசாயிக்கும் தண்ணீர் கிடைக்கும். நாரைக்கும் இடம் கிடைக்கும்.

இது முடியுமா என்று கேட்கிறீர்களா? சேலம் கன்னங்குறிச்சிக்குப் போய் மூக்கனேரியைப் பாருங்கள். ஏற்காடு மலை அடிவாரத்தில் இருக்கும் ஏரி அது. குப்பையும் சீமைக் கருவேலமுமாகக் கிடந்தது. 2010ஆம் ஆண்டில் சேலம் மக்கள் குழு என்ற அமைப்பினர் கை வைத்தார்கள். தோண்டிய மண்ணை வெளியே கொட்டவில்லை. ஏரிக்கு உள்ளேயே மேடுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். மேடு தீவு ஆயிற்று. மரம் வளர்ந்தது. பறவை வந்தது.

ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு. 1996ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. அதைச் சுற்றி இருக்கும் கிராமத்தார் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை! உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்று 2022ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலிலும் அந்த ஏரி இடம் பெற்றுவிட்டது. வெடிச் சத்தத்தை விட்டுக்கொடுத்தார்கள், உலகப் புகழ் கிடைத்தது. லாபமா, நஷ்டமா? நீங்களே கணக்குப் பாருங்கள்.

என்ன செலவு?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போங்கள். கார் வேண்டாம். ஸ்கூட்டர் போதும். சைக்கிள் இன்னும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை முதல் மாசி வரை நல்ல பருவம். காலை 6 மணி முதல் 9 மணி வரை நல்ல நேரம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பளபளக்கும் சட்டை வேண்டாம். பாட்டுப் பெட்டி வேண்டவே வேண்டாம். கூட்டுக்குக் கிட்டே போகாதீர்கள். பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால், அதற்கு மேல் ஒரு அடியும் வைக்காதீர்கள்.

குழந்தை கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பார்த்ததை எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் எழுதட்டும். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் பெயர் தானாக வரும். ஏரிக்கரையில் மாடு மேய்த்த பெரியவர் ஒருவர், "ஏனுங்க, அது தாழைக்கோழிங்க. கோரைக்குள்ளேதான் ஒளியும்" என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார். அவரிடம் நாங்கள் கற்றது அதிகம்.

2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவை ஆர்வலர்கள் தமிழ்நாடு எங்கும் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். பட்டம் பெற்றவர்தான் எண்ண வேண்டும் என்பது இல்லை. கண் இருப்பவர் எண்ணலாம். உங்கள் ஊர் ஏரியில் எத்தனை நாரை என்று எழுதி வைத்தால், நாளை அந்த ஏரியில் மண்ணைக் கொட்ட வருபவரிடம் காட்ட உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

கோழிக் கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை. கழிவை ஏரியில் எறியாதீர்கள். பஞ்சாயத்தாருக்கும் ஒரு வார்த்தை. கழிவு எடுக்க வண்டி அனுப்புங்கள். வண்டி வராவிட்டால் மூட்டை எங்கேயாவது போகத்தான் செய்யும். மூட்டை போட்டவரை மட்டும் திட்டுவது பாதி நியாயம்தான்.

என் தங்கை மகன் பெங்களூருக்குத் திரும்பும்போது குழந்தை கேட்டாள்: "அப்பா, அடுத்த லீவுக்கு எங்கே போகிறோம்?"

அவன் ஏதோ வெளிநாட்டின் பெயரைச் சொல்லத் தொடங்கினான்.

"வேண்டாம். தாத்தா ஏரிக்கு!" என்றாள்.

அவள் வரும்போது அந்த ஏரி இருக்க வேண்டும். நாமக்கோழி இருக்க வேண்டும். சாக்கு மூட்டை இருக்கக் கூடாது.

அது ஆப்பிரிக்கா கையில் இல்லை. நம் கையில் இருக்கிறது!